தாடை வலியும் பொறுமையும்



தாடை வீங்கி வலிக்கிறது, காரணம் புலப்படவில்லை, பல் வைத்தியர் குறித்த நாளோ தொலைவிலிருக்கிறது. அவ்வேளையில் "என்ன பாவம் செய்தாயோ!" என்று பிறர் சொல்வது வலியிலும் கொடிது. பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர் இவ்வாறே கேட்டபோது, அவன் பாவமுமல்ல, பெற்றோர் பாவமுமல்ல என்றார் நமதாண்டவர். பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கலாம். ஞானப்பல் முளைக்க இடமின்றித் தவிக்கலாம். அது நோய்; தண்டனையன்று.

அப்படியானால் பொறுமை எது? பல்வலிக்காரர் மன்றாடும் அர்ச். அப்பொலோனியம்மாளின் பற்களை 249-ம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் கலகக்காரர் அடித்து நொறுக்கினர். அவள் விசுவாசத்தை விடாமல் அதைச் சகித்தாள், மருந்தை வெறுத்தல்ல. தீர்க்கக்கூடிய வலியை வீம்புக்குச் சுமப்பது தவமாகாது.

ஆகையால் வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளியுங்கள். ஈறில் மாத்திரையை அடக்கி வைக்காதீர்கள், புண்ணாக்கும். சுரம் கண்டாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலும், குறித்த நாளுக்குக் காத்திராமல், நள்ளிரவானாலும் உடுமலை அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீட்டாரே, கூழ் ஆற்றிக் கொடுத்து அருகிருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய் உடனிருந்தது ஆறுதல். பிறகு காரணம் சொல்லப் புகுந்ததே அவருக்கு உபத்திரவமாயிற்று.