யாருக்குத் தேர்வு?

மார்ச்சுத் திங்களில் கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி வெடிக்கும். பள்ளிகளில் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும். வினாத்தாள் எல்லார்க்கும் ஒன்றே. படித்த இரவுகள் ஒன்றா? களைத்துப் படுத்த அன்னைக்கு உலை வைத்துவிட்டுப் படித்தவளும் அங்கேதான் எழுதுகிறாள்.

"இனி என்ன செய்யப் போகிறாய்?" ஆசிரியர்களாகிய நாம் கேட்கிறோம். ஒருவனுக்கு அது கனவைத் தூண்டும் வினா. அவளுக்கோ, வீட்டார் முன்பே விடையெழுதிவிட்ட வினா: தீப்பெட்டி ஆலை!

பெற்றோரைப் பழிக்கலாமா? வறுமை விரட்டும்போது பழிப்பது அறமன்று. ஆனால், வறுமை விதியுமன்று. 1956இல் பக்கத்து எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசித்த பிள்ளைக்குப் பள்ளி சோறிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், 18 வயது நிரம்பாதோரைத் தீப்பற்றும் பொருள்சார்ந்த தொழில்களில் அமர்த்தக்கூடாது என்றது.

சோறும் சட்டமும் அவளை வாயில்வரை கொணர்ந்தன. எஞ்சியது நம் கடமை. பதினோராம் வகுப்பேட்டில் அவள் பெயர் ஏறும்வரை நம் பணி முடியவில்லை. வாழ்வைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில்லாதவளுக்குத் 'தேர்வு' என்னும் சொல்லே கேலியன்றோ!