நடக்காத கொலைக்கும் பழி உண்டா?

7ஆம் நூற்றாண்டில் மதுரையில், சைவ ஞானி சம்பந்தரிடம் வாதில் தோற்ற 8,000 சமணரைப் பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறன் கழுவேற்றினான் என்பது உண்மையா என்று தமிழில் நெடுங்காலமாக வழக்கு நடக்கிறது. நடக்கவில்லை என்று தீர்ப்பானால் ஒரு தரப்பு பெருமூச்சு விடுகிறது, மறு தரப்பு ஏமாறுகிறது. அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நடக்கவில்லை என்பார் பக்கமே சான்றுகள் வலுவாக இருக்கின்றன. சம்பந்தர் தம் பதிகங்களில் சமணரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். ஆனால் கழுவேற்றத்தை அவர் பாடவில்லை. அது சில நூற்றாண்டுகள் கழித்து நம்பியாண்டார் நம்பியிடம் தலைகாட்டி, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் முழுக் கதையாகிறது. இடைப்பட்ட காலத்தில் பாண்டிய நாட்டுச் சமணம் அழிந்துவிடவில்லை. கழுகுமலைச் சிற்பங்கள் 8ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. சித்தன்னவாசல் குகைக்கோயில் 9ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது. மதுரைக்குப் பக்கத்துக் குன்றுகளிலேயே தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 8,000 என்ற எண்ணும் கதைக்கணக்குதான். நாலடியார் பிறந்த கதையிலும் அதே 8,000 சமணர். சம்பந்தர் வாதுக் கதையில் போலவே அங்கும் வைகையில் ஏடுகள் எதிரேறுகின்றன.

சரி, கொலை நடக்கவில்லை. ஆனால் கொலை செய்ததாக யார் சொன்னார்கள்? இங்கிலாந்தின் நார்விச்சில் 1144இல் ஒரு சிறுவன் இறந்தபோது, யூதர்களே கொன்றார்கள் என்று பிறர் பழி சுமத்தினர். பகைவர் மேல் போடும் பொய் அது; உலகெங்கும் காணக்கூடியது. மதுரைக் கதை அப்படியல்ல. வென்ற தரப்பே, நாங்கள்தான் கொன்றோம் என்று விரும்பிச் சொல்லிக்கொண்டது. பரஞ்சோதி முனிவர் அதை இறைவனின் 64 திருவிளையாடல்களில் ஒன்றாகவே வைத்தார். மதுரை மீனாட்சி கோயிலின் பொற்றாமரைக் குளத்து மண்டபச் சுவரில் அதை ஓவியமாகவும் தீட்டினார்கள்.

சேக்கிழாரிடம் மட்டும் ஒரு தயக்கம் தெரிகிறது. வாதில் தோற்றால் மன்னன் எங்களைக் கழுவேற்றட்டும் என்று சமணரே வாய்விட்டுச் சொன்னதாக எழுதுகிறார். சம்பந்தருக்குப் பகை இல்லை, ஆயினும் சமணர் சைவ மடத்துக்குத் தீ வைத்தவர்கள் என்பதால் தடுக்காமல் இருந்தார் என்று சமாதானமும் சொல்கிறார். குற்றமே இல்லாத இடத்தில் யாரும் இத்தனை காரணம் தேடுவதில்லை. குழந்தை ஞானியான சம்பந்தரின் மௌனம் அந்தப் பெரும்புலவரையே உறுத்தியிருக்க வேண்டும். தடுக்கக்கூடியவர் தடுக்காமல் இருந்தார் என்பதைப் புகழாக எழுதுவது அவருக்கும் எளிதாக இருக்கவில்லை.

ஆகவே வழக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நின்றசீர் நெடுமாறன் மேல் கொலைக்குற்றம் நிரூபணமாகவில்லை, அவனை விட்டுவிடலாம். இக்கதையைக் காட்டி இன்றைய சைவரைக் கொலைகாரப் பரம்பரை என்பவர்களிடமும் சான்று கிடையாது. ஆனால் மாற்றுச் சமயத்தார் 8,000 பேர் துடித்துச் சாவதைக் கற்பனை செய்து, அதைத் தெய்வத்தின் வெற்றியாகத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிய மனம் கற்பனை அல்ல. அது ஏட்டிலும் சுவரிலும் பதிவாகியிருக்கிறது. கல்வெட்டு ஆய்வு மன்னனை விடுவிக்கலாம். அந்தக் கொண்டாட்டத்தை விடுவிக்காது.