உடம்பைக் குறை சொல்லாதீர்கள்; ஊசியை எடுங்கள்!

கடையில் ஆசைப்பட்டு எடுத்த சுடிதார் தோளில் சரிந்து விழுகிறது. இடுப்புக்குச் சரியாக இருக்கும் பேன்ட், கீழே தரையைக் கூட்டுகிறது. போன வருஷம் தைத்த ஜாக்கெட்டுக்கு ஹூக் மாட்ட மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. உடனே என்ன செய்கிறோம்? கண்ணாடி முன்னால் நின்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். "ரொம்ப குண்டாயிட்டேன்." "என் உயரத்துக்கு இதெல்லாம் எடுபடாது." "எனக்கு எந்தத் துணியுமே நல்லா இருக்காது."

நிறுத்துங்கள்!

உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அளவு தப்பியது துணியில். அதைத் திருத்த ஓர் ஊசி, ஒரு நூல்கண்டு, ஒரு கத்தரிக்கோல், ஓர் இன்ச் டேப் போதும். அந்த நான்கையும் கையில் எடுக்காமல், உழைத்து உழைத்து உங்களைச் சுமந்துவரும் உடம்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறீர்களே, இது என்ன நியாயம்?

அந்தச் சீட்டு உங்களை அளந்ததா?

சட்டைக் கழுத்தின் உள்பக்கம் ஒரு சின்னச் சீட்டு தைத்திருக்கும். எஸ், எம், எல், எக்ஸ்எல். அந்த எழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்களும் உண்டு, கண் கலங்குபவர்களும் உண்டு. ஒரு கம்பெனியின் சட்டையில் எல் சரியாக இருப்பவருக்கு இன்னொரு கம்பெனியில் எக்ஸ்எல் தேவைப்படுகிறது. ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு நடப்பதற்குள் யாராவது பருத்துவிடுவார்களா? எழுத்துதான் மாறியது; ஆள் மாறவில்லை.

நம் நாட்டில் விற்கும் ஆயத்த ஆடைகள் நெடுங்காலமாக அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளை ஒட்டியே வந்துகொண்டிருந்தன. இந்தியர்களின் உடல்வாகுக்கென்று தனி அளவு அட்டவணை வேண்டும் என்று தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் 'இண்டியாசைஸ்' என்ற ஆய்வில் இறங்கியது. 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000-க்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் 6 நகரங்களில் ஸ்கேனர் வைத்து அளப்பது என்பது அதன் திட்டம். யோசித்துப் பாருங்கள்: எவருடைய உடம்பையோ அளந்து போட்ட கணக்கில் நமக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது என்று இத்தனை காலம் தலை குனிந்திருக்கிறோம்!

நமக்கென்று எத்தனை நல்ல அட்டவணை வந்தாலும் அது சராசரிக் கணக்குதான். சராசரி அளவோடு பிறந்தவர் யாரும் இல்லை. ஒருவருக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிள்ளை பெற்ற வயிறு, பால் கொடுத்த மார்பு, மூட்டை சுமந்த முதுகு, நாள் முழுக்க நின்று வேலை பார்த்து வீங்கிய கால் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அந்த வாழ்க்கைக்கு மரியாதை கொடுத்துத் துணிதான் இறங்கி வர வேண்டும்.

பிள்ளையையா திட்டினார்கள்?

இதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பெண் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை தைக்கக் கொடுக்கும்போது, "உள்ளே ரெண்டு டக் வெச்சுத் தைங்க, வளர்ற பொண்ணு" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். இந்தத் தீபாவளிக்குக் கணுக்கால் வரை நிற்கும் பாவாடை அடுத்த தீபாவளிக்கு மேலே ஏறிவிடும். ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் மறுபடியும் கணுக்காலுக்கு இறங்கிவிடும். ஓர் அங்குல ஆழத்தில் பிடித்த டக்குக்குள் இரண்டு அங்குலத் துணி காத்திருக்கும்.

பாவாடை ஏறிவிட்டதே என்று அந்தப் பிள்ளையை யாராவது திட்டினார்களா? "நல்லா வளர்ந்துட்டா" என்று பூரித்துப் போய் டக்கைத்தான் பிரித்தார்கள். எட்டு வயதில் உங்களுக்குக் கிடைத்த அந்த நியாயம் நாற்பது வயதில் ஏன் கிடைக்கக் கூடாது? யாரும் கொடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள்.

இறுகிய ஜாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பீரோவில் கிடக்கும் இறுகிய ஜாக்கெட் ஒன்றை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்புங்கள். கையின் ஓரத்தில் ஆரம்பித்து, அக்குளைக் கடந்து, கீழே இடுப்பு வரை ஒரே ஓட்டமாக ஒரு தையல் போகும். அதுதான் பக்கத் தையல். நல்ல டெய்லர் என்றால் அந்தத் தையலுக்கு வெளியே கொஞ்சம் துணி விட்டிருப்பார். பெரும்பாலும் இரண்டு, மூன்று தையல்கள் இணையாகப் போட்டிருப்பார். நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டியே யோசித்து ஒருவர் செய்து வைத்த ஏற்பாடு அது. எத்தனை வருஷமாக அதைத் திருப்பிப் பார்க்காமலே அந்த ஜாக்கெட்டை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்!

இணைத் தையல் இருந்தால் உடம்புக்கு ஒட்டிய முதல் தையலை மட்டும் பிரித்தால் போதும். ஒரே தையல்தான் என்றால், அதற்குக் கால் அங்குலம் வெளியே தள்ளிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் புதுத் தையலை முதலில் போட்டுவிடுங்கள். பிறகு பழையதைப் பிரியுங்கள். அப்போதுதான் துணி நழுவாது. துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். மூன்று நான்கு தையலுக்கு ஓரிடத்தில் நூலை நறுக்கிவிட்டு, மறுபக்கத்து நூலைப் பற்றி இழுத்தால் நீளமாக வந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். முன்பக்கம் கால், பின்பக்கம் கால் என்று ஒரு பக்கத்தில் அரை அங்குலம் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து முழுதாக ஓர் அங்குலம்! பழைய மடிப்பு தெரிந்தால் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுங்கள். இப்போது அதே ஜாக்கெட்டைப் போட்டு, ஹூக் மாட்டி, நன்றாக மூச்சு விடுங்கள். இதற்காகவா பட்டினி கிடந்தீர்கள்? இதற்காகவா கல்யாண வீட்டுக்கு வரவில்லை என்று சாக்குச் சொன்னீர்கள்?

நீளமான பேன்ட்டுக்கும் இதே துணிச்சல் போதும். புதுப் பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பிறகே அளவு எடுங்கள். முதல் சலவையில் சுருங்கக்கூடும். செருப்புப் போட்டு நின்று, அடியை மடித்துக் குண்டூசி குத்தி, நாலடி நடந்து பாருங்கள். திருப்தியாக இருந்தால் தையுங்கள். கத்தரிக்க அவசரப்படாதீர்கள். மடித்துத் தைத்ததை எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

மிஷினைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

பல வீடுகளில் தையல் மிஷின் இருக்கிறது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த பழைய சிங்கர் இருக்கலாம், தவணையில் வாங்கிய உஷாவாக இருக்கலாம். தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கிவருகிறது. வீட்டுக்கு வந்த மிஷினின் மேல் என்ன இருக்கிறது? மடிக்காத துணிக் குவியல்! "எனக்கு அது வராதுங்க" என்ற ஒரே வார்த்தையில் அதை மூடி வைத்திருக்கிறோம்.

ஏன் வராது? காலால் மிதித்ததும் சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுகிறதா? ஆரம்பத்தில் எல்லோருக்கும் அறும். நூலே கோக்காமல் உட்காருங்கள். கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்கடியில் வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். நேர்க்கோடு பழகியதும் சதுரம் போடுங்கள். மூலை வந்ததும் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, தாளைத் திருப்புங்கள். அப்புறம் வட்டம். காலும் கையும் ஒன்றுக்கொன்று பேச ஆரம்பித்துவிடும்.

துணிக்கு அடியில் நூல் சிக்குச்சிக்காகச் சுருள்கிறதா? உடனே அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றி அதன்மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் தவறு மேலேதான் இருக்கும். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்கார்ந்திருக்காது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து நூல் கோத்துப் பாருங்கள். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18. மிஷின் கேட்பது இவ்வளவுதான். இதில் உங்கள் ராசியும் இல்லை, கைராசியும் இல்லை.

பார்த்தலெமி திமொன்னியே என்ற பிரெஞ்சுத் தையற்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். 1830-ல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் அவர். பாரிஸில் பட்டறை போட்டு ராணுவத்துக்கு உடுப்புத் தைத்துக்கொடுத்தார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் கூட்டமாகப் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். மனிதர் ஓய்ந்துவிடவில்லை. மேம்படுத்திய இயந்திரத்துக்கு 1845-ல் மறுபடியும் காப்புரிமை பெற்றார். பட்டறையையே இழந்தவர் திரும்ப எழுந்தார். நீங்கள் ஒரு பாபின் நூல் சிக்கியதற்கு மிஷினை மூடி வைக்கலாமா?

ஒட்டுப் போட்டால் கௌரவம் குறையுமா?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டில் ஓர் ஆளுக்கு 66 கூப்பன்தான். பணக்காரர்களுக்கும் அதே கூப்பன்தான். கிழிந்ததைத் தைப்பது, பழையதைப் புதிதாக மாற்றுவது எப்படி என்று 1943-ல் அரசாங்கமே கையேடு வெளியிட்டது. 1949 வரை நீடித்த அந்த ரேஷன் காலத்தில் ஒட்டுப் போட்ட முழங்கை ஒரு குடிமகனின் பெருமையாக இருந்தது. நம் வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டே 'காந்தா' என்னும் அழகான விரிப்புகளை உருவாக்கினார்கள். இன்று உலகமே அதைக் கலை என்று கொண்டாடுகிறது.

கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். நான் இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: தைத்துக் கட்டுங்கள்! பேன்ட் முழங்காலில் கிழிந்திருந்தால், அதே பேன்ட்டின் அடி மடிப்பிலிருந்தோ பாக்கெட்டின் உள்பக்கத்திலிருந்தோ ஒரு துண்டு வெட்டிக் கிழிசலுக்கு அடியில் கொடுங்கள். ஒட்டு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. தெரிந்தால்தான் என்ன? திருடி உடுத்தினால் வெட்கப்படலாம். தன் கையால் தைத்து உடுத்த எதற்கு வெட்கம்?

ஆண்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்

ஊரில் உள்ள டெய்லர் கடைகளைப் பாருங்கள். கழுத்தில் டேப் போட்டுக்கொண்டு வெட்டுகிற மாஸ்டர் பல கடைகளில் ஆண்தான். கடையில் ஆண் தைத்தால் தொழில், வீட்டில் ஆண் தைத்தால் கேலியா? சட்டைப் பட்டன் விழுந்ததும் "அம்மா" என்றும் "ஏம்மா, இதைக் கொஞ்சம் பாரு" என்றும் இன்னும் எத்தனை நாள் நீட்டிக்கொண்டிருப்பீர்கள்? பட்டனுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தையுங்கள். குச்சியை உருவிவிட்டு, பட்டனுக்கு அடியில் நூலை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். காஜாவுக்குள் சுலபமாக நுழையும். எளிதில் விழவும் செய்யாது.

சிரிப்பார்களே என்று தயங்குகிறீர்களா? தென்னாப்பிரிக்காவில் பாரிஸ்டராக இருந்த காந்தி, சட்டைக் காலரைத் தானே வெளுத்துக் கஞ்சி போட்டார். முதல் தடவை கஞ்சி அதிகமாகி, நீதிமன்றத்தில் நிற்கும்போதே உதிர்ந்தது. சக வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் அசரவில்லை, பழகித் தேறினார். இயந்திரங்கள் மேல் அத்தனை எச்சரிக்கையாக இருந்த அதே காந்தியிடம், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி.ராமச்சந்திரன் 1924-ல் இளைஞராக இருந்தபோது கேள்வி கேட்டார். எல்லா இயந்திரங்களுமா கூடாது என்றதற்கு, காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் இயந்திரத்தை! மனிதனின் கையை முடக்காமல் அதற்குத் துணை நிற்கும் கருவி என்றால் அவருக்கும் சம்மதம்தான்.

ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

எல்லாத் துணியையும் நீங்களே தைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டெய்லரிடம் போக வேண்டியதற்குப் போங்கள். ஆனால் தைக்கத் தெரிந்தவராகப் போங்கள். ஒரு கழுத்து வளைவைச் சுருக்கமில்லாமல் திருப்புவதற்கு எத்தனை வருஷக் கைப்பழக்கம் வேண்டும் என்பது அப்போதுதான் புரியும். கூலியில் பேரம் பேச மனசு வராது.

இந்த வாரம் ஒரு பட்டன். அடுத்த வாரம் ஒரு பேன்ட்டின் அடிமடிப்பு. அதற்கடுத்து ஒரு ஜாக்கெட்டின் பக்கத் தையல். கை தேறியதும் ஒரு தலையணை உறை, ஓர் உள்பாவாடை. கோணலாக வரும்; பிரியுங்கள். மறுபடியும் கோணினால் மறுபடியும் பிரியுங்கள். தையலைப் போல மன்னிக்கிற வேலை வேறு இல்லை. எத்தனை முறை பிரித்தாலும் அது உங்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தரும்.

இதற்குச் சான்றிதழ் வேண்டாம், வயது வரம்பு கிடையாது, யாருடைய அனுமதியும் தேவையில்லை. வேண்டியதெல்லாம் "எனக்கு வரும்" என்ற ஒரு முடிவு. அந்த முடிவை இன்றைக்கே எடுங்கள். ஊசியில் நூலைக் கோத்துவிட்டு, வீட்டில் பட்டன் போன சட்டை யாருடையது என்று கேளுங்கள். முதல் தையல் உங்களுடையதாக இருக்கட்டும்!