விருந்தாளிகளின் பக்கத்து ஊர்

அம்மா முதல் முறை இங்கே வந்திருந்தபோது, நான்காம் நாள் காலையில் வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, இதுக்கு முந்தி இங்க என்ன இருந்துச்சு? வயலா, தோப்பா, காடா?"

எனக்குத் தெரியவில்லை. நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் வட்டி எவ்வளவு என்று தெரியும், பள்ளிக்கு என்ன மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும், 429 நெடுஞ்சாலையைப் பிடிக்க எத்தனை நிமிடம் என்று தெரியும். காலுக்கடியில் கிடக்கும் மண்ணில் முன்பு என்ன விளைந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை. "சும்மா கிடந்த இடம்தாம்மா" என்றேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பேர் வைத்துக் கூப்பிடும் ஊரில் பிறந்தவள் அம்மா. "சும்மா கிடந்த இடம்னு ஒண்ணு உண்டாப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்வி வாசலிலேயே நின்றது.

நாங்கள் இருப்பது ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோ நகருக்கு மேற்கே, ஹொரைசன் வெஸ்ட் என்ற பகுதியில். டிஸ்னி வேர்ல்ட் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே 14,000 பேர் இருந்தார்கள். 2020இல் 58,000 பேருக்கு மேல். ஒரு மாதம் ஏதாவது ஒரு பக்கம் போகாமல் இருந்தால், முன்பு மணல்மேடாக இருந்த இடத்தில் ஒரு தெருவும் விளக்குக் கம்பங்களும் தபால் பெட்டிகளும் முளைத்திருக்கும். பள்ளிகள் கட்டக் கட்ட நிரம்பின. தற்காலிக வகுப்பறைகள் வந்தன. புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லைக் கோடுகள் நகர்ந்தன. என் மகள் வீடு மாறாமலே பள்ளி மாறினாள். இத்தனை பேர் வாழும் இந்த இடத்துக்குச் சொந்தமாக நகராட்சி கிடையாது, ஆரஞ்ச் கவுண்டிதான் நிர்வகிக்கிறது. தபால் முகவரியிலோ பக்கத்து ஊர்களான விண்டர் கார்டன் அல்லது விண்டர்மியரின் பெயர்தான் இருக்கும்.

வந்த புதிதில், இரவானால் மாடி ஜன்னலுக்கு ஓடுவோம். டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் மேஜிக் கிங்டம் பூங்காவின் வாணவேடிக்கை தென்கிழக்கு வானத்தில் பூக்கும். வெளிச்சம் முதலில் வரும், சத்தம் சில விநாடி பிந்தி வரும். வெளியூரிலிருந்து வந்து தங்கிய உறவினர்களை எழுப்பிக் காட்டுவோம். ஒரு வருடத்துக்குள் ஜன்னலுக்குப் போவது நின்றுவிட்டது. பாத்திரம் கழுவும்போது தூரத்தில் இடி மாதிரி கேட்கும், மணி ஆகிவிட்டது என்று தெரியும், அவ்வளவுதான். உலகத்தின் பல மூலைகளிலிருந்து மக்கள் வருடக்கணக்கில் பணம் சேர்த்து வந்து பார்க்கிற ஒன்று, எங்களுக்குச் சமையலறைக் கடிகாரமாக மாறிவிட்டது. இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. திருவிழா நடக்கிற ஊரில் குடியிருப்பவன் தினமும் தேரைப் பார்த்து வாய் பிளந்து நிற்க முடியாது. ஆனால் தேர் போன பிறகு வீதியைப் பெருக்குகிறவன் யார் என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். அதைத்தான் நான் அறியாமல் இருந்தேன்.

பூங்காவுக்கு வருகிறவர்களை டிஸ்னி நிறுவனம் வாடிக்கையாளர் என்று சொல்வதில்லை. விருந்தாளி என்றே சொல்லும். அழகான சொல். விருந்தாளி குப்பையை எண்ண வேண்டாம், நேற்று என்ன நடந்தது என்று நினைவு வைத்திருக்க வேண்டாம், நாளைக்கு என்ன ஆகும் என்று கவலைப்பட வேண்டாம். ஒரு நாள் அப்படி இருப்பது மனிதனுக்குத் தேவையும்கூட. என் மகளை முதன்முதலாக அங்கே தோளில் தூக்கிக்கொண்டு நடந்த நாளை நான் கடைசிவரை மறக்கமாட்டேன். என் தவறு வேறு இடத்தில் இருந்தது. சொந்தத் தெருவிலும் நான் விருந்தாளியாகவே வாழ்ந்துகொண்டிருந்தேன். குடியிருப்போர் சங்கத்துக்கு மாதக் கட்டணம் கட்டினேன், புல் வெட்டப்பட்டது. விளக்கு எரியாவிட்டால் மின்னஞ்சல் அனுப்பினேன், எரிந்தது. மூன்று வீடு தள்ளி இருப்பவரின் பெயர் தெரியாமல் நான்கு வருடம் அவருக்குக் கையசைத்தேன்.

எங்களுக்குப் பக்கத்து நிலத்தில் விருந்தாளிகளுக்காகவே ஒரு நகரம் கட்ட ஒருவர் நினைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1960களில் வால்ட் டிஸ்னி அங்கே 27,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார், வாங்குவது யார் என்று தெரியாமல் இருக்க வேறு வேறு நிறுவனப் பெயர்களில். பூங்காவை விட அவர் மனதில் பெரிதாக இருந்தது எப்காட் என்ற நகரம். 20,000 பேர் வாழ்வார்கள், கார்கள் பூமிக்கடியில் ஓடும், நகர மையம் கூரைக்குள் இருக்கும். 1966 அக்டோபரில் வரைபடத்தின் முன் நின்று அதை விளக்கி ஒரு படம் எடுத்தார். அந்த நகரத்தில் எவருக்கும் சொந்த நிலம் கிடையாது, எல்லோரும் வாடகைக்கு இருப்பார்கள், அதனால் ஓட்டுப்போட்டு எதையும் மாற்றும் அதிகாரமும் இராது, வேலையில் இல்லாத முதியவர்களுக்கு இடமில்லை என்பது அவர் எண்ணம். அதே வருடம் டிசம்பரில் அவர் இறந்துபோனார். நகரம் கட்டப்படவில்லை. 1982இல் அந்தப் பெயரில் ஒரு பூங்காதான் திறந்தார்கள்.

அந்த மனிதரின் கனவில் கருணை இருந்தது என்றே நம்புகிறேன். நெரிசலும் அழுக்கும் இல்லாமல் மனிதர்கள் வாழட்டும் என்று நினைத்தவர் அவர். ஆனாலும் சொந்தமும் இல்லை, சொல்லும் இல்லை, கிழவரும் இல்லை என்றால், அங்கே இருக்கிறவர்கள் எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளிகள்தான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பட்டா இருந்தது, ஓட்டு இருந்தது. இருந்தும் எந்த விதியும் கட்டாயப்படுத்தாமலே நாங்கள் அப்படித்தான் வாழ்ந்தோம்.

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பூங்காக்கள் மூடப்பட்டன. மறுநாளே இரவு வானம் ஊமையாகிவிட்டது. கடிகாரம் நின்றுபோன வீடு மாதிரி இருந்தது. மாலையில் எல்லோரும் தெருவில் நடக்க ஆரம்பித்தோம், ஆறடி தள்ளித் தள்ளி. அப்போதுதான் மூன்று வீடு தள்ளியிருந்தவர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர், ஒரு ஓட்டலில் சமையல்காரர், வேலையின்றி வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. அவருக்குச் சமைக்காமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமைதோறும் பெரிய பாத்திரம் நிறையச் சோறு சமைத்து வாசலில் வைத்தார். அரிசி, மளிகையை நாங்கள் முறைவைத்து வாங்கிக் கொடுத்தோம். வெளியே போக முடியாத வயதானவர்கள் இருந்த வீடுகளுக்குப் பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. முதல் வாரம் அந்தச் சோற்றை வாயில் வைத்தேன். உள்ளே பச்சைத் துவரை. எங்கள் வயல் வரப்பில் அம்மா ஊன்றும் அதே துவரை. கடல் நடுவே ஒரு தீவில் தலைமுறை தலைமுறையாக அரிசியோடு சேர்த்துச் சமைக்கிறார்களாம். அன்று நான் அவரிடம் பெயர் கேட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனால் கேட்டேன்.

அந்த மாலை நடைகளில்தான் அம்மாவின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. பழைய சாலை ஓரத்தில், புது வீடுகளுக்கு நடுவே, ஒரே ஒரு தகரக்கூரை வீடு இன்னும் இருக்கிறது. அதில் இருக்கும் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். இது முழுக்க ஆரஞ்சுத் தோப்பு. இங்கே ஏன் தோப்பு போட்டார்கள் என்றால் ஏரிகளுக்காக. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று ஏரி நீரைக் கடக்கும்போது கொஞ்சம் சூடு பெறும், அதனால் தென்கரையில் மரம் பிழைக்கும். இன்று ஏரி தெரியும் வீடு என்று கூடுதல் விலை வைத்து விற்கிற அதே ஏரிகள். மார்ச் மாதத்தில் பூ பூத்தால் கார் கண்ணாடியை ஏற்ற யாருக்கும் மனம் வராதாம். பிறகு 1983 கிறிஸ்துமஸ் சமயத்தில் உறைபனி வந்தது. 1985 ஜனவரியில் மறுபடியும். தப்பித்ததையும் மறுபடி நட்டதையும் 1989 கிறிஸ்துமஸ் உறைபனி கொண்டுபோனது. இரவெல்லாம் மரத்தின் மேல் தண்ணீர் தெளிப்பார்களாம். தண்ணீர் உறையும்போது விடுகிற வெப்பம் மரத்தைக் காக்கும் என்பது கணக்கு. அளவுக்கு மீறிய குளிரில் அந்தக் கணக்கு தோற்றது. பட்டை வெடிக்கும் சத்தம் கேட்டது என்றார், கையால் காதைத் தொட்டுக்கொண்டே.

அதற்குப் பிறகு நிலத்துக்காரர்களுக்கு மறுபடி நடும் தெம்பில்லை. விற்க நினைத்தார்கள். கண்டபடி துண்டு போட்டு விற்றால் ஊர் சீரழியும் என்று, 1995இல் கவுண்டி ஒரு திட்டத்தை ஏற்றது. இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் நிலத்தைச் சில கிராமங்களாகப் பிரிப்பது, குடியிருப்புகளின் நடுவே நடந்துபோகும் தூரத்தில் தொடக்கப்பள்ளி வைப்பது, ஒரு நகர மையம் அமைப்பது என்று யோசித்துச் செய்த வேலை. திட்டத்தின் நன்மையை நான் தினமும் அனுபவிக்கிறேன். ஆனால் பள்ளிக்கும் பூங்காவுக்கும் கடைக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்க முடியும். பட்டை வெடித்த சத்தத்துக்கு எந்த வரைபடத்தில் இடம் ஒதுக்குவது? அதை யாராவது வைத்துக்கொண்டால்தான் உண்டு.

அன்றிரவே அம்மாவைக் கூப்பிட்டேன். "தோப்பும்மா. ஆரஞ்சுத் தோப்பு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "பட்டுப்போன தோப்பா, வெட்டிப்போட்ட தோப்பா?" என்றாள். "ரெண்டும்தாம்மா" என்றேன்.

2021 ஜூலை முதல் தேதி மேஜிக் கிங்டத்தின் வாணவேடிக்கை திரும்பியது. எங்கள் தெருவே வெளியே வந்து நின்றது. சமையல்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்திருந்தது. வானம் வெடித்து முடிந்ததும் பிள்ளைகள் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் அழுதார். நாங்களும்தான்.

அதிலிருந்து ஒரு எண்ணம் என்னை விடவில்லை. பிறந்த ஊரில் நாம் வாரிசுகள். குளம் வெட்டியவர், ஆலமரம் வைத்தவர், எந்தத் தெரு மழையில் முழுகும் என்று சொல்லி வைத்தவர் எல்லாரும் நமக்கு முன்பே வாழ்ந்து முடித்துவிட்டார்கள். அவர்கள் செய்ததை அனுபவிப்பதே நம் பங்கு என்று வளர்ந்துவிட்டோம். எல்லோருமே புதியவர்களாக இருக்கிற ஊரில் அவர்களுடைய இடம் காலியாகக் கிடக்கிறது. ஆறு மாதம் முன்னால் குடிவந்தவர்தான் இங்கே மூத்தவர். அடுத்த வீட்டுக்குச் சாமான் லாரி வந்து நிற்கும்போது, என்னை விட மூத்தவர் எவரும் பக்கத்தில் இல்லை. முன்னோர் என்பவர் இறந்தவர் என்று நினைத்திருந்தேன். முன்னால் வந்து, பின்னால் வருகிறவனுக்காக எதையாவது செய்து வைக்கிறவரும் முன்னோர்தான்.

இந்த மண்ணில் வாழும் ஓர் உயிர் அதை எனக்குக் காட்டியது. இங்கே மணலில் வளை தோண்டி வாழும் நில ஆமை ஒன்று உண்டு. கட்டடம் கட்டுவதற்கு முன் அனுமதி வாங்கி அதைப் பத்திரமாக இடம் மாற்ற வேண்டும் என்று மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. அது தோண்டும் வளையைத் தவளை, பாம்பு, எலி, பூச்சி என்று 350க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பயன்படுத்துகின்றன. காட்டுத்தீ வரும்போது அவற்றில் பல அங்கே ஒதுங்கிப் பிழைக்கின்றன. ஆமை தனக்காகத்தான் தோண்டுகிறது. ஆனால் அதன் வளையில் ஓர் ஊரே ஒண்டிக்கொள்கிறது.

நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் போய்ப் பெயர் கேட்கிறேன், என் பெயரைச் சொல்கிறேன். கோடை மாலை இடிமழையில் எந்த முனையில் தண்ணீர் நிற்கும் என்று சொல்கிறேன். மழைநீர்க் குளத்தில் முதலை இருக்கலாம், பிள்ளைகளைக் கரைக்கு விடாதீர்கள் என்கிறேன். தலையில் சிவப்புத் திட்டு வைத்த கொக்கு ஜோடி ஒன்று குஞ்சோடு சாலையைக் கடக்கும், வண்டியை நிறுத்துங்கள், அவை நமக்கு முன்னால் இங்கே இருந்தவை என்கிறேன். கவுண்டி நடத்தும் பொதுக் கூட்டத்துக்குப் போய் உட்காருகிறேன். அந்தப் பெரியவரின் வேலிக்கு மாதம் ஒரு முறையாவது மகளை அழைத்துப்போகிறேன். அவர் போய்விட்டால் அந்த மூன்று உறைபனிகளை நேரில் பார்த்தவர் எங்கள் சாலையில் எவரும் இருக்கமாட்டார்.

போன முறை ஊருக்குப் போயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பாப்பா, உனக்கு எந்த ஊரு?" என்றார். இருபது வருடம் அமெரிக்காவில் இருந்தும் இந்தக் கேள்விக்கு நான் கும்பகோணம் பக்கம் என்றுதான் பதில் சொல்வேன். அவளும் அதையே சொல்வாள் என்று நினைத்தேன். "ஹொரைசன் வெஸ்ட்" என்றாள், தயங்காமல். தபால்காரர்கூட எழுதாத அந்தப் பெயரை. எனக்கு எது வந்து இறங்கிய இடமோ, அதுதான் அவளுக்கு ஊர். அவளுக்கு வேறு ஊர் இல்லை.

காவிரி டெல்டாக்காரர் எவரும் கேட்கிற அடுத்த கேள்வியைப் பெரியவர் கேட்டார். "அங்க என்ன வெளையும்?"

"முன்னாடி ஆரஞ்சு வெளைஞ்சுது தாத்தா" என்றாள். "மூணு தடவை பனி வந்துச்சு. மரம் எல்லாம் பட்டுப்போச்சு. பட்டை வெடிக்கிற சத்தம் கேட்டுச்சாம்."

சொல்லும்போது கையால் காதைத் தொட்டுக்கொண்டாள். உள்ளே முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.