இனி உன் முறை, தம்பி!

இரண்டு பிள்ளைகள் போதும் என்று நீயும் உன் மனைவியும் பேசி முடித்துவிட்டீர்கள். அடுத்து, கருத்தடை ஆபரேஷன் யாருக்கு? பத்து மாதம் சுமந்தவளுக்கே, வலியெடுத்துப் பெற்றவளுக்கே என்று வீடு தானாகவே முடிவு செய்கிறது. நீ தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாய். நிமிர்ந்து உட்கார், தம்பி! “நான் செய்துகொள்கிறேன்” என்று சொல்!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டிப் பார். இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள்? 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று பேர்! சீறிவரும் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குகிற நாம், மரத்துப்போக வைக்கும் ஒரு ஊசிக்கா பின்வாங்குவது?

ஊசிக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆண்மை போய்விடுமோ என்பதுதான் உன் பயம். அதை வெளிச்சத்துக்குக் கொண்டு வா. விதைப்பையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய விந்துக்குழாய்கள் இருக்கின்றன. மருத்துவர் அவற்றைத்தான் துண்டித்து அடைக்கிறார். விதைகளில் கை வைப்பதே இல்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அந்தக் குழாயில் போவதில்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. ஆசை, விறைப்பு, மீசை, குரல், மூட்டை தூக்கும் தெம்பு எதுவும் குறையாது. விந்தும் முன்போலவே வெளிவரும். அதில் உயிரணுக்களின் பங்கு மிகச் சொற்பம் என்பதால் வித்தியாசம் உனக்கே தெரியாது.

கத்தியும் தையலும் இல்லாத முறையை சீன மருத்துவர் லி ஷுன்ச்சியாங் 1974-லேயே கொண்டுவந்துவிட்டார். தோலில் ஒரு சிறு துளை, சுமார் இருபது நிமிடம், அன்றைக்கே வீடு. இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஒரு வாரம் பளு தூக்காமல் இருப்பது, அவ்வளவுதான். பெண்ணுக்கோ வயிற்றுக்குள்ளேயே போக வேண்டும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. முகாமுக்குப் போன பெண்களில் பத்துக்கும் மேற்பட்டோர் பிணமாகத் திரும்பினார்கள். இதைப் படித்த பிறகும் உன்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

நம் முந்தைய தலைமுறை இப்படி ஒதுங்கவில்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரு பெரும் முகாமில் அறுபதாயிரத்துக்கும் அதிகமான ஆண்கள் செய்துகொண்டார்கள். ஊக்கப் பரிசும் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. பிறகு வந்தது நெருக்கடி நிலை. ஆண்களை இழுத்துப்போய்ப் படுக்கவைத்த அந்தக் கொடுமை எல்லா நம்பிக்கையையும் உடைத்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதன் பாரத்தை அரை நூற்றாண்டாகப் பெண்கள் வயிற்றில் ஏற்றிவைத்திருக்கிறோமே, அது நியாயமா? இன்று உன்னை யாரும் இழுக்கவில்லை. உன் காலால் நீயே நடந்து போகலாம்!

போகும்போது தெளிவாகப் போ. இது நிரந்தரம். மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு, பலிக்கும் என்று உறுதி கிடையாது. மனதில் துளி சந்தேகம் இருந்தாலும் தள்ளிப்போடு. பணத்துக்காகவோ யாருடைய நெருக்குதலுக்காகவோ ஒருபோதும் செய்யாதே. சிலருக்கு வீக்கம் வரலாம், மிகச் சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். பால்வினை நோய்களை இது தடுக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபரேஷன் ஆன அன்றே பலன் வந்துவிடாது. மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்து. விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை விடாதே. இந்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டு, அவள் மறுபடி கருவுற்றதும் அவளைச் சந்தேகிப்பது மகா பாவம்.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவார இயக்கமும் நடக்கிறது. அதற்காகக் காத்திருக்காதே, இந்த வாரமே போய்க் கேள். மனைவியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் இருவரும் சேர்ந்தே போங்கள்.

வீட்டில் அம்மா தடுப்பார். “வெயிலில் உழைக்கிற பிள்ளைக்கு எதற்கு ஆபரேஷன்?” என்பார். அவரிடம் பேச வேண்டியது நீ. உன் மனைவியை அனுப்பாதே.