ஊரும் நாடும்: எல்லை நிலத்தில் சொற்பொருளும் உரிமையும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுத்தவர் தொல்காப்பியர். அவ்வகுப்பு அகப்பாடலுக்கு உரியது. எனினும், நிலம் அசையாதிருக்க அதன்மீது எல்லைக்கோடு விழுமாயின் அங்கு வழங்கும் சொல்லின் பொருள் என்னாகும் என்பது இன்றைய வினா. 1956 நவம்பர் 1 அன்று பழைய சென்னை மாநிலத்து மலபாரிலிருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்ப் பகுதிகளான தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர் இருந்த இடத்திலிருந்தே மொழிவழி மாநிலம் ஒன்றின் மொழிச் சிறுபான்மையர் ஆயினர்.

'ஊர்' என்னும் சொல்லை நோக்கலாம். மலையாளி பிறந்த இடத்தை 'நாடு' என்பார். அட்டப்பாடியில் 'ஊர்' என்பது பழங்குடிக் குடியிருப்பு. மூணாறு தொழிலாளிக்கோ அது முன்னோர் விட்டுவந்த திருநெல்வேலி, தூத்துக்குடிச் சிற்றூர். தமிழில் பெயராக நின்று தங்குமிடத்தையும், வினையாக நின்று நகர்தலையும் இதே வடிவம் உணர்த்துகிறது. இவ்விரண்டுக்கும் சொற்பிறப்புத் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை; மலைவாழ்வில் இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன என்பதே கருதத்தக்கது.

2015 செப்டம்பரில் தோட்டப் பெண் தொழிலாளர்கள் இருபது விழுக்காடு போனசும் கூலி உயர்வும் கேட்டு மூணாறு நகரச் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை அருகே அண்டவிடவில்லை. பெரும்பாலோர் தமிழர், எழுப்பிய முழக்கமும் தமிழே. ஆயினும் அவர்கள் இயக்கத்திற்கு வாய்த்த பெயர் 'பெம்பிளை ஒருமை'. மலையாளத்தில் ஒருமை ஒற்றுமையைக் குறிக்கும்; தமிழ் இலக்கணத்திலோ பன்மைக்கு எதிரானது. பலர் கூடிய கூட்டத்திற்குத் தமிழ்க்காதில் ஒருமை என்று பெயர்! இதனை மொழிக்கலப்பு என்று ஒதுக்குதல் எளிது. தோட்டத்துக்குள் ஒலித்தவரை அவர்தம் குறையைக் கேட்போர் மேற்பார்வையாளரும் சங்கத்தாருமே. நகரச் சாலைக்கு வந்தபின் கேட்போர் மாறினர். பெயரும் கேட்போர் மொழியில் அமைந்தது. போனஸ் கோரிக்கை நிறைவேறியது. ஆனால் உரிமை கேட்பவரே மொழிபெயர்ப்புச் சுமையையும் தாங்க வேண்டுமா என்னும் அறவினா எஞ்சுகிறது.

1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தத்தம் மொழியில் அரசுக்கு எழுத இடமளிக்கிறது. அச்சுமையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது என்றே இதற்குப் பொருள். சட்டம் மடலுக்கு உதவும், குடியிருப்புக்கு அன்று.

குடியிருப்பு என்பது இங்கு 'லயம்'. 'லைன்' என்னும் ஆங்கிலச்சொல்லின் திரிபாகிய இது இலங்கை மலையகத்திலும் வழங்குகிறது. வேலை உள்ளவரை வீடு. பணி ஓய்வுடன் வெளியேறல் வேண்டும். ஆகவே 'ஊர்' என்னும் சொல் தொழிலாளியின் பேச்சில் எங்கோ தொலைவிலேயே நிற்பதற்கு ஏக்கம் மட்டும் காரணமன்று, குடியிருப்பு முறையும் காரணம். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிவு லயங்களை மூடியது, எழுபதுபேர் மாண்டனர். கயத்தாறுப் பகுதியிலிருந்து உறவினர் மலையேறி வந்தனர். மீட்கப்பட்டோர் உடல்கள் அம்மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டன. உயிருள்ளபோது 'ஊருக்கு'ப் போவதாகச் சொல்லி அவர்கள் கீழிறங்கிய வழியில், இப்பொழுது ஊரிலிருப்போர் அவர்களைக் காண மேலேறுகின்றனர்.