பாதி மென்ற புல்

"இன்னும் கொஞ்சம் சோகமாப் பண்ணும்மா." பள்ளி, கல்லூரி நாடக ஒத்திகைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. சொல்லும் ஆசிரியருக்கு அக்கறை உண்டு, கேட்கும் மாணவிக்கு ஆர்வம் உண்டு. ஆனால் சோகத்தை எப்படிப் 'பண்ணுவது'? அவள் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள், குரலை நடுங்கவிடுவாள். பார்ப்பவர் மனம் அசையாது.

மேடையில் அழுகிறவள் ஒருத்தி. அவளுடைய துயரம் அரங்கில் இருக்கும் அத்தனை பேருடைய துயரமாகவும் எப்படி மாறுகிறது?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த சைவ ஞானி அபிநவகுப்தர், பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய உரையில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். இன்னாருடையது, இன்ன காலத்தது என்ற வேலிகளைத் தாண்டி உணர்ச்சி பொதுவாகும்போதுதான் ரசம் என்னும் கலைச்சுவை பிறக்கிறது என்றார். அப்படியானால் பொத்தாம்பொதுவான சோகமே போதுமே என்று தோன்றலாம். ஆனால் அச்சத்துக்கு அவர் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள்: காளிதாசரின் சாகுந்தலத்தில் வேட்டையாடும் மன்னன் துஷ்யந்தனின் தேருக்கு முன்னே ஓடும் மான். அது கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேரைப் பார்க்கிறது. அம்புக்குப் பயந்து அதன் பின்னுடல் முன்னுடலுக்குள் ஒடுங்குகிறது. இரைக்கும் வாயிலிருந்து பாதி மென்ற தர்ப்பை வழியெல்லாம் உதிர்கிறது. பொதுமையைப் பற்றிப் பேசிய தத்துவவாதி கடைசியில் வந்து நிற்பது இந்தப் புல்லில்தான்.

தொல்காப்பியமும் இப்படித்தான். உணர்ச்சிகளைப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல், அச்சம் என்று பெயரிட்டதோடு நிற்பதில்லை. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அது பிறக்கும் களங்கள் நான்கையும் சொல்கிறது. திருடனுக்கு அஞ்சுகிறவன் மூச்சை அடக்குவான். அரசனுக்கு அஞ்சுகிறவன் கண்ணைத் தாழ்த்துவான். அச்சம் ஒன்றுதான், உடம்பு செய்யும் வேலை வேறு.

நடிப்புப் பயிற்சியிலும் இதே பாடம்தான். ரஷ்ய இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் நடிப்புப் பயிற்சி நூல் 1936-இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் ஒரு மாணவி, திரைச்சீலை மடிப்பில் குத்தியிருக்கும் ப்ரூச்சைத் தேட வேண்டும். அவள் மேடையெங்கும் ஓடுகிறாள், தலையைப் பிடித்துக்கொள்கிறாள், தவிக்கிறாள். பிரமாதமாக நடித்துவிட்ட பூரிப்போடு இறங்கி வருகிறாள். "ப்ரூச் எங்கே?" என்று ஆசிரியர் கேட்கிறார். அவள் அதை மறந்தே போயிருந்தாள்! கிடைக்காவிட்டால் பள்ளியில் இடமில்லை என்றதும், திரும்பப் போய் ஒவ்வொரு மடிப்பாக நிதானமாகத் தேடுகிறாள். பார்ப்பவர்களுக்கு இப்போதுதான் அவள் தவிப்பு புரிகிறது.

நம் ஊர் அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தையே ஒரு மாணவர் குழு எடுத்துக்கொள்ளட்டும். அரிச்சந்திரனின் மனைவி சந்திரமதியாக நிற்பவளிடம் "அழு" என்பதைவிட, கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ. இறந்த பிள்ளை லோகிதாசனை இவ்வளவு தூரம் சுமந்து வந்ததில் எந்தக் கை மரத்துப்போயிருக்கிறது? கீழே கிடத்தும்போது தலையை முதலில் இறக்குவாளா, காலையா? பாம்பு கடித்த இடத்தை முந்தானையால் மூடுவாளா? சுடலைக் காவலன் முழத்துண்டும் கால்பணமும் கேட்கும்போது, இல்லை என்று தெரிந்தும் அவள் கை முந்தானை முடிச்சைத் தொடுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் மாணவிக்கு அழுகையைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். "உங்க பாட்டி செத்த நாளை நினைச்சுக்கோ" என்பதும் நுணுக்கம்போலத்தான் தெரியும். ஆனால் அது பாத்திரத்தின் உலகத்தைச் சேர்ந்ததல்ல, மாணவியின் சொந்த வீட்டைச் சேர்ந்தது. தன்னுடைய, பிறருடைய இன்பதுன்பங்களிலேயே மனம் கட்டுண்டு கிடப்பதை ரசத்துக்கு வரும் தடைகளில் ஒன்றாக அபிநவகுப்தர் எண்ணுகிறார். அவர் பேசுவது பார்வையாளரைப் பற்றி. ஒத்திகைக்கும் அது பொருந்தும். பதினாறு வயதுப் பிள்ளையின் ஆறாத காயத்தைக் கிளற எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை. கிளறத் தேவையும் இல்லை. வீட்டில் சாவையே பார்த்திராத மாணவியும், போன மாதம் பார்த்தவளும், லோகிதாசனைத் தரையில் கிடத்தும் அதே வேலையைச் சரிசமமாகச் செய்ய முடியும்.